மோனோபாட் வாங்கப் போகிறாயா? முதலில் உன் பையை அள!

மோனோபாட் என்றால் கேமராவைத் தாங்கும் ஒற்றைக்கால் குச்சி. கடைக்குப் போய், "நல்ல மோனோபாட் ஒண்ணு காட்டுங்க" என்று மொட்டையாகக் கேட்காதே, தங்கச்சி. அப்படிக் கேட்டால் இருப்பதிலேயே கனமானதைத்தான் எடுத்து வைப்பார்கள். கடைக்காரர் மேல் தப்பில்லை. கல்யாண வீடியோக்காரர்களும் கிரிக்கெட் மேட்ச் எடுப்பவர்களும்தான் அவரிடம் வழக்கமாக வாங்குகிறவர்கள். அவர்கள் ஒரே இடத்தில் மணிக்கணக்காக நிற்பார்கள். நீ நடக்கிறவள். காலையில் ஏரிக்கரை, நவம்பர் பிறந்தால் வேடந்தாங்கல், லீவு கிடைத்தால் கொடைக்கானல் என்று கேமராவோடு சுற்றுகிறவள். அவர்களுக்குத் தோதானது உனக்குச் சுமை.

நடந்து படம் எடுக்கிறவர்கள் இந்த விஷயத்தில் செய்யும் தப்பையெல்லாம் பார்த்தாயிற்று. முக்கால்வாசித் தப்பு ஒன்றுதான்: எவ்வளவு உறுதி என்று பார்த்து வாங்குகிறார்கள், கூட வருமா என்று பார்ப்பதில்லை. அடுத்த தடவை கிளம்பும்போது "இன்னைக்கு வேண்டாம், கனமா இருக்கு" என்று வைத்துவிட்டுப் போகிறார்கள். அதற்கப்புறம் அது கதவு மூலையை விட்டு நகர்வதில்லை.

வேலைக்கு நடுவில் படிக்கிறாய் என்று தெரியும். அவசரமென்றால் 3, 6, 8 மூன்றை மட்டும் படித்துவிட்டுக் கடைக்குப் போ. மற்றதை வந்து படி.

1. உனக்கு இது வேண்டுமா?

எல்லாருக்கும் வேண்டாம். கையில் பிடித்து எடுக்கும் படம் ஆடாமல் இருக்கப் பழைய கணக்கு ஒன்று உண்டு. லென்ஸ் 200 மி.மீ. என்றால் ஷட்டர் ஸ்பீடு 1/200 நொடிக்குக் குறையக் கூடாது. 400 என்றால் 1/400. உன் கேமராவில் இருப்பது ஏ.பி.எஸ்-சி என்கிற சின்ன சென்சார் என்றால் ஒன்றரை மடங்கு ஆக்கிக்கொள், 400 மி.மீ.க்கு 1/600 ஆகிவிடும். நல்ல வெயிலில் இது பெரிய காரியமே இல்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு, மரத்தடி நிழலில்தான் மாட்டிக்கொள்வாய். மோனோபாட்டைச் சரியாக ஊன்றிப் பிடித்தால் சுமார் இரண்டு ஸ்டாப் மிச்சமாகும். 1/600 கேட்ட இடத்தில் 1/150 போதும். ஐ.எஸ்.ஓ.வை 3200-க்கு ஏற்றவேண்டிய இடத்தில் 800-லேயே முடித்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்றை மனசில் வை. மோனோபாட் நிறுத்துவது உன் கை ஆட்டத்தைத்தான், பறவையின் ஆட்டத்தை இல்லை. கிளையில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்திக்கு 1/150 சரி. பறக்கும் நாரைக்கு 1/1600-க்குப் பக்கத்தில் வேண்டும். அந்த வேகத்தில் குச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் படத்தின் கூர்மையில் பெரிய வித்தியாசம் வராது. அங்கே அது செய்யும் உபகாரம் கனத்தை வாங்கிக்கொள்வது. நிக்கான் 200-500 லென்ஸ், அதைச் சுற்றிப் பிடிக்கும் காலர் வளையத்தோடு 2.3 கிலோ. சோனி 200-600 இரண்டு கிலோவுக்கு மேல். அதோடு கேமரா வேறு. மீன்கொத்தி எப்போது பாயும் என்று அத்தனை கனத்தையும் கண்ணுக்கு நேரே பத்து நிமிஷம் பிடித்து நிற்க யாராலும் முடியாது. கை ஓய்ந்து இறங்கும்போதுதான் அது பாயும்.

ஆகவே:

• 18-55 மாதிரிச் சின்ன லென்ஸ், பகல் வெளிச்சம்: வேண்டாம். காசை மிச்சம் பிடி.
• செல்போன் மட்டும்: வேண்டாம். சுவரில் சாய்ந்து இரண்டு கையாலும் பிடித்தால் போதும்.
• நிக்கான் பி1000 மாதிரிப் பெரிய ஜூம் கேமரா: கட்டாயம் வேண்டும். கேமரா 1.4 கிலோதான். ஆனால் அதன் ஜூம் 3000 மி.மீ. லென்ஸுக்குச் சமம். முழு ஜூமில் பறவையைப் படத்துக்குள் பிடித்து வைப்பதே போராட்டம்.
• 400, 500, 600 மி.மீ. லென்ஸ்: வேண்டும்.
• இரவில் பத்து நொடி, இருபது நொடி திறந்து வைத்து எடுக்கும் படம்: மோனோபாட் உதவாது. ட்ரைபாட்தான்.

வீட்டில் ஏற்கெனவே ட்ரைபாட் இருந்தால் அதன் கால்களை ஒருமுறை திருகிப் பார். பயணத்துக்கென்று வரும் ட்ரைபாட்கள் பலவற்றில் ஒரு கால் தனியாகக் கழன்று மோனோபாட் ஆகும். இருப்பதை வைத்துப் பழகு. பிடித்தால் அப்புறம் தனியாக வாங்கு.

2. நடைக்குச்சியா, கேமராக் குச்சியா?

இரண்டுக்கும் ஒன்றே போதும் என்று எல்லாருக்கும் ஆசை. வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள் அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொள்கிறார்கள். ஏழு மலைக்கும் அது உடம்பையே தாங்குகிறது. அந்த நினைப்பில் மோனோபாட் மேல் சாய்ந்துவிடாதே. பெட்டியில் "10 கிலோ தாங்கும்" என்று போட்டிருப்பது கேமரா கனத்துக்கு. உன் உடம்பின் கனத்துக்கு இல்லை. இறக்கத்தில் கால் வழுக்கி மொத்த உடம்பும் அதன்மேல் விழுந்தால், பூட்டு வழுக்கிக் குழாய் சட்டென்று உள்ளே இறங்கிவிடும். குச்சியும் போகும், கேமராவும் போகும், மணிக்கட்டும் போகும்.

டிரெக்கிங் குச்சிகள் சிலவற்றில் மேல் குமிழைக் கழற்றினால் கேமரா மாட்டும் திருகு இருக்கும். நடக்க அருமையானவை. படத்துக்கு ஓரளவுதான். குழாய் ஒல்லி, முழுக்க நீட்டினாலும் பெரும்பாலும் கண் உயரத்துக்கு வராது. ஸ்பிரிங் வைத்த 'ஆன்டி-ஷாக்' வகை என்றால் எச்சரிக்கை. அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழும்பும், படம் ஆடும். ஸ்பிரிங்கை நிறுத்திவைக்க வழி இருந்தால் மட்டும் வாங்கு.

என்னைக் கேட்டால் இப்படித்தான் பிரிப்பேன்:

• ஏரிக்கரை, கடற்கரை, ஊர்த்தெரு: அசல் மோனோபாட். நடக்கும்போது பையில், நிற்கும்போது கையில்.
• மலைப்பாதை, ஒரு கிலோவுக்குள் அடங்கும் கேமரா: திருகு வைத்த டிரெக்கிங் குச்சி.
• மலைப்பாதை, இரண்டு கிலோ லென்ஸ்: இரண்டும் தனித்தனியாக. கனம்தான், வேறு வழியில்லை.
• முழங்கால் வலியுள்ள அம்மா, அப்பா: மெடிக்கல் ஷாப்பில் விற்கும் ஊன்றுகோல். மோனோபாட்டைக் கொடுத்து நடக்கவிடாதே.

டிரெக்கிங் குச்சிக்கு உயரம் பார்க்கச் சுருக்குவழி: நேராக நின்று பிடித்தால் முழங்கை 'ட' எழுத்து மாதிரி மடங்க வேண்டும்.

3. இரண்டு அளவு எடுக்காமல் வீட்டை விட்டுக் கிளம்பாதே

முதல் அளவு, மடக்கின நீளம். எல்லாரும் முழு உயரத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். நீ மடக்கினதைக் கேள். தையல் டேப்பை எடு, நீ வழக்கமாகத் தூக்கும் பையை அள. பக்கத்துப் பாக்கெட்டில் நிறுத்தி மேல் பட்டையால் கட்டினால் பையை விட்டு அதிகம் எழும்பி நிற்கக் கூடாது. சாதாரண முதுகுப்பைக்கு 45 செ.மீ.க்குள் இருந்தால் நிம்மதி. 60 செ.மீ. என்றால் பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம் யார் முகத்திலாவது இடிக்கும். மேலே ஹெட், அதாவது கேமராவைத் தாங்கிச் சாய்க்கும் தலைப்பகுதி, மாட்டினால் இன்னும் 8, 10 செ.மீ. கூடும். பெட்டியில் போட்டிருக்கும் அளவில் ஹெட் சேர்ந்திருக்காது. நீதான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது அளவு, நீட்டின உயரம். வெளியே போட்டுப் போகும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு சுவரோரம் நில். தரையிலிருந்து கண் வரைக்கும் யாரையாவது அளக்கச் சொல். 5 அடி 2 அங்குலம் உயரம் என்றால் சுமார் 146 செ.மீ. வரும். கேமராவின் அடியிலிருந்து கண் வைக்கும் இடம் வரை 8, 9 செ.மீ. கழி. ஹெட்டுக்கு இன்னொரு 8 கழி. மிச்சம் 130-க்குப் பக்கம். அதோடு நிறுத்திவிடாதே. மோனோபாட் செங்குத்தாக நிற்பதில்லை, சாய்ந்துதான் நிற்கும். ஏரிக்கரைச் சரிவில் ஊன்றினால் அதன் கால் உன் காலை விடக் கீழே போகும். மரத்து உச்சியைப் பார்க்கக் கேமராவை அண்ணாத்தினால் கண் வைக்கும் இடம் கீழே இறங்கும். இதற்கெல்லாம் சேர்த்து 15 செ.மீ. கூட்டு. 145 வருகிறதா? அதுதான் உன் எண். 5 அடி 8 அங்குலத் தம்பிக்கு இதே கணக்கில் 160 வரும்.

"கொஞ்சம் குட்டை என்றால் குனிந்துகொள்கிறேன்" என்று சொல்லாதே. பறவைக்குக் காத்திருப்பது ஒரு நிமிஷ வேலை இல்லை. கழுத்தும் இடுப்பும் பிடித்துக்கொண்டால் மறுநாள் வீட்டு வேலையும் கெடும், ஆபீஸ் வேலையும் கெடும்.

ஒரே ஒரு விலக்கு. உன் கேமராவில் திரையை வெளியே மடக்கிப் பார்க்க முடியும், நீயும் எப்போதும் அப்படித்தான் எடுப்பாய் என்றால் மார்பு உயரம் போதும். 120 செ.மீ.யிலேயே காரியம் முடிந்துவிடும். மடக்கினால் கைப்பைக்குள் போகிற மாதிரிச் சின்னதாகவே கிடைக்கும். ஆனால் பெரிய லென்ஸுக்கு இது ஒத்துவராது. கேமராவை முகத்தோடு ஒட்டிப் பிடிப்பதும் ஒரு பிடிமானம்.

4. எத்தனை அடுக்கு, என்ன பூட்டு

அடுக்கு கூடக்கூடக் குச்சி சின்னதாக மடங்கும். கடைசிக் குழாயும் ஒல்லியாகிக்கொண்டே போகும். இரண்டு கிலோ லென்ஸுக்கு நாலு அடுக்குக்கு மேல் போகாதே. சின்ன லென்ஸுக்கு ஐந்து தாராளம். கடைசிக் குழாய் உன் சுண்டுவிரலை விட ஒல்லியாக இருந்தால் அது சின்னக் கேமராவுக்குத்தான்.

பூட்டு இரண்டு வகை. மடக்குப் பூட்டு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பார்த்தாலே தெரியும், வேகமும் உண்டு. ஆனால் துப்பட்டாவிலும் பை நாடாவிலும் சிக்கும். நாளாக ஆகப் பிடி தளரும். அதை இறுக்கக் குட்டிச் சாவி கூடவே வரும், அதைத் தொலைக்காதே. சுற்றுப் பூட்டு வழவழப்பாக இருக்கும், எதிலும் சிக்காது. நடக்கிறவளுக்கு இதுதான் என் ஓட்டு. மடக்கி வைத்திருக்கும்போது எல்லாச் சுற்றுப் பூட்டுகளும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். உள்ளங்கையால் சேர்த்துப் பிடித்து ஒரே திருகலில் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடலாம். பறவை பறந்துபோகுமுன் குச்சி தயார்.

முழு உயரம் வேண்டாத இடத்தில் மேலே இருக்கும் தடிக் குழாய்களை முதலில் இழு. ஒல்லிக் குழாய் கடைசியில்.

5. அலுமினியமா, கார்பன் ஃபைபரா?

இதில் ரொம்ப நேரம் செலவழிக்காதே. சின்ன மோனோபாட்களில் இரண்டுக்கும் பெரும்பாலும் நூறு, இருநூறு கிராம்தான் வித்தியாசம், விலையில் நிறைய. அலுமினியம் இடிபட்டால் நசுங்கும், கார்பன் பலமான அடி பட்டால் விரியும். வெயிலில் அலுமினியம் சுடும். அதற்குப் பஞ்சு வைத்த பிடி இருந்தால் சரியாகிவிடும். முதல் குச்சிக்கு அலுமினியம் போதும். மிஞ்சும் பணத்தை ஹெட்டில் போடு.

6. பணம் போடவேண்டிய இடம் ஹெட்

இங்கேதான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். ட்ரைபாடில் இருந்த பால் ஹெட்டைக் கழற்றி மோனோபாட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். பால் ஹெட் எல்லாப் பக்கமும் சாயும். கனமான லென்ஸோடு அதைத் தளர்த்தினால் மொத்தமும் ஒரு பக்கமாகக் கவிழ்ந்து உன் விரலைக் குழாயோடு நசுக்கும். அதற்குப் பயந்து இறுக்கியே வைத்தால் கேமராவைத் திருப்ப முடியாது. இரண்டும் அவஸ்தை.

யோசித்துப் பார். மோனோபாட்டையே கையால் சுற்றினால் இடம் வலம் திரும்பிவிடும். பக்கவாட்டில் சாய்க்க வேண்டுமானால் குச்சியையே சாய்க்கலாம். குச்சியால் வசதியாகச் செய்ய முடியாதது மேலும் கீழும் பார்ப்பது ஒன்றுதான். அதை மட்டும் செய்கிற ஹெட்டுக்கு டில்ட் ஹெட் என்று பெயர். மேன்ஃப்ராட்டோ 234 இந்த வகை. இதே வேலையைச் செய்யும் வேறு கம்பெனி ஹெட்களும் கிடைக்கின்றன. சின்னது, கனமில்லை, பக்கவாட்டில் கவிழாது. பெரிய லென்ஸ் வைத்திருக்கிறவளுக்கு இந்த வகையைத் தவிர வேறு எதையும் சொல்ல மாட்டேன்.

வாங்கும்போது இவற்றைக் கவனி:

• லென்ஸில் காலர் இருந்தால் குச்சியைக் காலரின் பாதத்தில்தான் மாட்ட வேண்டும், கேமராவின் அடியில் இல்லை. கேமராவில் மாட்டினால் முன்பாரம் மொத்தமும் லென்ஸ் மவுன்ட் மேல் விழும். காலரைத் தளர்த்திச் சுற்றினால் படம் நெட்டுக்கும் படுக்கைக்கும் மாறிவிடும்.
• கேனான் ஆர்.எஃப் 100-400 மாதிரி 635 கிராம் லென்ஸுக்குக் காலர் கிடையாது, தேவையும் இல்லை. கேமரா அடியிலேயே மாட்டு.
• டில்ட் ஹெட்டின் பிளேட், அதாவது கேமராவை ஹெட்டோடு சேர்க்கும் தட்டு, எந்தத் திசையில் நுழைகிறது என்று பார். காலர் பாதத்தில் பிளேட் லென்ஸின் நீளவாக்கில் இருக்கும். கேமரா அடியில் பெரும்பாலும் குறுக்கே இருக்கும். திசை தப்பினால் மேலும் கீழும் சாயவேண்டியது பக்கவாட்டில் சாயும். ஹெட்டின் மேல்தட்டைத் திருப்பி மாட்ட முடிகிறதா என்று கடையிலேயே கேள். உன் கேமராவை எடுத்துக்கொண்டு போ என்று சொல்வது இதற்குத்தான்.
• பிளேட் ஆர்க்கா-ஸ்விஸ் வகையாக இருக்கட்டும். ட்ரைபாடுக்கும் மோனோபாட்டுக்கும் ஒரே பிளேட் போதும். புது லென்ஸ்கள் சிலவற்றின் காலர் பாதமே அந்த வடிவில் வருகிறது.
• திருகு இரண்டு அளவு: கேமராவுக்குக் கால் அங்குலம், ஹெட்டுக்குப் பெரும்பாலும் 3/8 அங்குலம். மோனோபாட்டின் தலையில் இரண்டும் இருக்கிறதா, திருப்பிப் போடும் வகையா என்று பார்.
• அரைக் கிலோ கேமரா, சின்ன லென்ஸ் என்றால் ஹெட்டே வேண்டாம். நேராகத் திருகிக்கொள்.

7. அடிப்பாதம்

ரப்பர் பாதம் போதும். உள்ளே கூர்முனை ஒளிந்திருந்தால் இன்னும் நல்லது. சேற்றுக்கும் புல்லுக்கும் ஆகும். கருங்கல் பாறையில் கூர்முனை வழுக்கும், ரப்பரை இறக்கு. ரப்பர் கழன்று விழுவது சகஜம். தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டு, கூட ஒன்று வாங்கி வை.

8. கடையில் பார்க்கவேண்டியவை

• எல்லா அடுக்கையும் இழுத்துப் பூட்டு. இரண்டு உள்ளங்கையையும் மேலே வைத்து நன்றாக அழுத்து. எந்த மூட்டாவது இறங்கினால் வேண்டாம்.
• ஒரு பூட்டைத் திருகும்போது கீழே உள்ள குழாயும் சேர்ந்து சுற்றினால் வேண்டாம். தெருவில் அவசரத்துக்கு அது பாடாய்ப் படுத்தும்.
• தலையில் கேமரா மாட்டும் தட்டு பிளாஸ்டிக்கா, உலோகமா? உலோகம்தான் வாங்கவேண்டியது.
• உன் கேமரா, லென்ஸ் இரண்டின் கனத்தைக் கூட்டு. அதற்கு இரண்டு மடங்காவது தாங்கும் என்று போட்டிருக்க வேண்டும்.
• மடக்கி உன் பையில் வைத்துப் பார். கடைக்காரர் என்ன நினைப்பார் என்று கூச்சப்படாதே.

ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் செல்ஃபி குச்சியையும் மோனோபாட் என்றே விற்கிறார்கள். விலை மலிவாக, கைப்பிடியில் பட்டனோடு, செல்போன் கவ்வியோடு படம் போட்டிருந்தால் அது செல்ஃபி குச்சி. பூட்டே இருக்காது, குழாய்கள் சும்மா இழுபடும். அதில் கேமராவை மாட்டினால் கீழே போகும்.

அடியில் மூன்று குட்டிக் கால்கள் வைத்த மோனோபாட்களும் உண்டு. வீடியோ எடுப்பவர்களுக்கு அவை அருமை. உனக்கு அந்தக் கனம் தேவையில்லை. யாராவது "தானா நிக்கும்" என்று சொன்னால் நம்பாதே. கையை எடுத்துவிட்டு டீ குடிக்கத் திரும்பினால் காற்றே தள்ளிவிடும்.

9. நிற்கத் தெரிந்தால்தான் அந்த இரண்டு ஸ்டாப்

குச்சியை உடம்போடு ஒட்டி நேராக நிறுத்தினால் முன்னும் பின்னும் ஆடும். கால்களைத் தோள் அகலத்துக்கு அகட்டி நில். குச்சியின் பாதத்தை உனக்கு ஓரடி முன்னால் வை, தலையை உன் பக்கம் சாய். உன் இரண்டு காலும் அதுவும் முக்கோணமாகிவிடும். இடது கையைக் கேமரா மேலோ லென்ஸ் மேலோ வைத்துக் கீழ்நோக்கி அழுத்து. முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். மூச்சை விட்டுவிட்டு மெதுவாகப் பட்டனை அழுத்து. மரமோ கம்பமோ பக்கத்தில் இருந்தால் குச்சியை அதில் சாய்த்துப் பிடி, ஆட்டம் இன்னும் குறையும். நாலைந்து படம் தொடர்ச்சியாக எடு. நடுவில் ஒன்றிரண்டு மற்றவற்றை விடக் கூர்மையாக விழும்.

ஆட்டம் குறைக்கும் ஸ்டெபிலைசேஷனை ட்ரைபாடில் அணைக்கச் சொல்வார்கள். மோனோபாட்டில் பொதுவாக அது ஓடட்டும்.

நடக்கும்போது கேமராவோடு குச்சியைத் தோளில் சாய்த்துக்கொண்டு போகிறார்கள் பாரு, அதைச் செய்யாதே. ஒற்றைத் திருகு நடை அதிர்வில் தானாகக் கழலும். கழுத்துப் பட்டையை எப்போதும் மாட்டியே வை. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் திருகை ஒருமுறை தொட்டுப் பார்.

10. போகுமிடத்தில் கவனம்

மின்கம்பி: தேர்த் திருவிழாவில் கூட்டத்துக்கு மேலாகப் படம் எடுக்கக் குச்சியை நீட்டித் தூக்குகிறார்கள். அலுமினியத்தில் மின்சாரம் பாயும் என்று எல்லாருக்கும் தெரியும். கார்பன் ஃபைபரிலும் பாயும், இது பலருக்குத் தெரியாது. தெருவில் கம்பி போகுமிடத்தில் தூக்கவே கூடாது. ரயில் பாதைக்கு மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் ஓடுகிறது. அதைத் தொடக்கூட வேண்டாம், கிட்டே போனாலே ஆபத்து. பிளாட்ஃபாரத்திலும் ரயில்வே மேம்பாலத்திலும் குச்சி மடங்கியே இருக்கட்டும். இதில் மட்டும் அக்கா கண்டிப்பு.

இடி மின்னலா? மடக்கிப் பையில் போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போ.

மாமல்லபுரம், தஞ்சைப் பெரிய கோவில் இரண்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. ட்ரைபாடுக்கு முன்அனுமதி வேண்டும். மோனோபாட்டைப் பார்த்தாலும் காவலர் நிறுத்தலாம். வாதாடாதே, வாசலிலேயே கேட்டுவிடு. விட்டால் எடு, இல்லாவிட்டால் தூணில் சாய்ந்து எடு.

முதுமலைப் புலிகள் காப்பகத்தில் இறங்கி நடக்க விடமாட்டார்கள், வண்டிச் சவாரிதான். வண்டிக்குள் மோனோபாட் இடிக்கும், என்ஜின் அதிர்வும் ஏறும். ஒரு மஞ்சப்பையில் முக்கால் பங்கு அரிசியோ கொண்டைக்கடலையோ போட்டு வாயைத் தைத்துக்கொண்டு போ. ஜன்னல் விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸைப் படுக்கவை.

தெருநாய்கள் நீட்டின குச்சியைக் கண்டால் மிரண்டு குரைக்கும். விடிகாலையில் தெருவில் நடக்கும்போது மடக்கியே வைத்திரு.

விமானத்தில் போவதாக இருந்தால் செக்-இன் பெட்டியில் போட்டுவிடு. கூர்முனை உள்ளதைக் கையில் கொண்டுபோய்ப் பாதுகாப்புச் சோதனையில் நின்று கெஞ்சாதே.

11. உப்பும் மணலும்

கடற்கரையில் கடைசிக் குழாயைக் கட்டாயம் ஒரு சாணாவது வெளியே இழுத்துக்கொள். முன்னே சொன்ன 'ஒல்லிக் குழாய் கடைசியில்' என்ற விதிக்கு இங்கே மட்டும் விலக்கு. கீழ்ப் பூட்டு மணலிலும் தண்ணீரிலும் முங்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் சோம்பல் படாமல் நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்க நீட்டி, நிழலில் காயவிடு. ஈரத்தோடு மடக்கி வைத்தால் உள்ளே உப்புப் பூத்துப் பூட்டு இறுகிவிடும். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதையும் ஊற்றாதே. மணலைப் பிடித்து வைக்கும், பூட்டும் வழுக்கும்.

12. இன்னும் யோசனையாக இருக்கிறதா? கயிறு போதும்

இப்போதே செலவு செய்ய மனமில்லை என்றால் இதைச் செய். ஹார்டுவேர் கடையில் கால் அங்குல போல்ட் ஒன்றும் அதற்கு இரண்டு நட்டும் வாங்கு. எம்6 போல்ட் பார்க்க அதே மாதிரி இருக்கும். அதைக் கொடுத்தால் வாங்காதே. தடிமனும் புரியும் வேறு, கேமராவின் திருகு ஓட்டையைக் கெடுத்துவிடும். போல்டின் தலையடியில் ஆடாத உறுதியான கயிற்றைக் கட்டி, முதல் நட்டால் இறுக்கு. இரண்டாவது நட்டை நுனிப் பக்கம் கொண்டுவந்து, வெளியே 4 மி.மீ. புரி மட்டும் தெரியும்படி நிறுத்து. அதைவிட நீளமாக உள்ளே போனால் கேமராவின் அடிப்பாகம் சேதமாகும். கேமராவில் கையால் மட்டும் திருகு, ஸ்பேனர் வேண்டாம். கயிறு தரையைத் தொட்டு இன்னும் ஒரு முழம் கிடக்கட்டும். அதை மிதித்துக்கொண்டு கேமராவை மேல்நோக்கி இழுத்துப் பிடி. கயிறு விறைப்பாக நிற்கும், கை ஆட்டம் குறையும். சட்டைப் பையில் அடங்கும், எந்த வாசலிலும் யாரும் தடுக்க மாட்டார்கள். லென்ஸின் கனத்தை மட்டும் இது தாங்காது. கயிற்றோடு பத்துப் பதினைந்து நாள் நடந்து பார்த்து, ஆட்டம் தொல்லையா, கனம் தொல்லையா என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போ. ஆட்டம்தான் தொல்லை என்றால் கயிறே போதும். கனம் என்றால் டேப்பையும் பையையும் கேமராவையும் எடுத்துக்கொண்டு கிளம்பு.